எந்தப் புத்தகமானாலும் சரி

தஞ்சாவூரில் புது ஆற்றுப் பக்கம் இருந்த ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜில், மதச் சகிப்புத்தன்மைக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் பதினாறு வருஷமாக ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்பரசனை. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் செயலாளர் அப்துல் அஜீஸ் அவரைக் காட்டி, "இவரு மாதிரி இருக்கணும். சேர்றப்ப எந்தப் புத்தகத்து மேல கை வச்சு உறுதிமொழி எடுக்குறீங்கன்னு கேட்டேன். எந்தப் புத்தகமானாலும் சரின்னாரு" என்பார். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அன்பரசன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உண்மை என்னவென்றால், அன்பரசனுக்கு எல்லாச் சாமியும் ஒன்றுதான். ஒன்றுகூடக் கிடையாது என்கிற வகையில் ஒன்று. இந்த விஷயம் அவருக்கும் அவர் மனைவி அம்சத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் மண்டையோடு வைத்துப் பூசை செய்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அம்சம் அக்கம்பக்கத்தில், "எங்க வீட்டுக்காரரு லாட்ஜுக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு, கேட்டவர்கள் முகம் போகும் போக்கைப் பார்த்து வீட்டுக்குள் வந்து விழுந்து விழுந்து சிரிப்பாள். உள்ளே அப்படியொன்றும் பயங்கரம் இல்லை. மாதம் ஒரு சாயங்காலம் இருபது ஆண்கள் கருப்புக் கோட்டுப் போட்டு, இடுப்பில் வெள்ளைத் தோல் கட்டிக்கொண்டு, பழைய காலத்துக் கொத்தனாரின் மூலைமட்டத்தையும் கவராயத்தையும் வைத்து ஒழுக்கம் பேசுவார்கள். நடுவில் ஒரு பீடம். அதன்மேல் இந்து, முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர் என்று நாலு மதத்துப் புனித நூல்களும் அடுத்தடுத்துத் திறந்து கிடக்கும். ஒருவரை ஒருவர் பிரதர் என்றுதான் கூப்பிட வேண்டும். மதமும் அரசியலும் பேசக் கூடாது. உண்மை பேச வேண்டும். உன் சாமி எது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஏதோ ஒரு சாமி உண்டு என்று சொன்னால்தான் கதவே திறக்கும்.

சாமி இல்லை என்று வளர்ந்த அன்பரசன் அந்தக் கதவுக்குள் போனதற்குக் காரணம் ஒரு பிளாஸ்டிக் பையில் வந்த மண்.

இரண்டாயிரத்து எட்டில், குறுவைக்கு முன்னால், கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற கல்யாணம் என்பவர் மண்ணைச் சோதிக்கக் கொண்டுவந்தார். படிவத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அன்பரசன் பேனாவைக் கீழே வைத்தார். நன்னிலத்துக்குப் பக்கத்தில் அவர் பிறந்த ஊர். வந்திருப்பவர் அந்த ஊர் மிராசுதாரின் மகன். மிராசுதார் வயலில் மூன்று தலைமுறையாகப் பண்ணையாளாக இருந்தது அன்பரசன் குடும்பம்.

"நான் வீரையன் மகன் சார்" என்றார் அன்பரசன்.

கல்யாணம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இந்த இடத்தில் மற்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அன்பரசனுக்குத் தெரியும். உங்கப்பா நல்ல உழைப்பாளி, எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தார் என்பார்கள். அப்படிச் சொன்ன பேர்வழிகளை அவர் நிறையப் பார்த்திருந்தார். கல்யாணம் அதைச் சொல்லவில்லை.

"எங்கப்பா உங்கப்பாவைக் களத்துல வச்சு அடிச்சார். எனக்கு ஒன்பது வயசு. பார்த்துண்டு நின்னேன். அழக்கூட இல்லை" என்றார். "இத்தனை வருஷத்துல இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஆள் நீங்கதான்."

அன்பரசன் அந்த அடியைப் பற்றி அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறார். அடித்தவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, ஆமாம் நடந்தது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மண்ணில் தழைச்சத்துக் குறைவு, துத்தநாகம் போட வேண்டும் என்றெல்லாம் எழுதிக்கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட சிநேகம்.

கல்யாணம் பொய் சொல்லத் தெரியாதவர். இதைப் பெருமையாகச் சொல்வதா குறையாகச் சொல்வதா என்று அவர் மனைவி விஜயத்துக்குக் கடைசிவரை புரியவில்லை. மகள் ஸ்ரீரஞ்சனியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், யாரும் கேட்காமலேயே, பெண்ணுக்குக் குளிர்காலத்தில் மூச்சுத் திணறல் வரும் என்று சொல்லி, அந்தச் சம்பந்தமே நின்றுபோனது. விஜயம் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. திருவையாற்று உற்சவத்தில் தன் பெண் பாடியது எப்படி என்று ஒரு சிநேகிதர் ஆசையாகக் கேட்க, "ஸ்ருதி சேரலை" என்று சொல்லிவிட்டு அவர் நீட்டிய கல்கண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டவர். சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள்கூடக் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுவார்கள். அவர் நல்லது சொன்னால் அது நல்லதுதான் என்று நம்பலாம் அல்லவா?

அவர் அந்த லாட்ஜில் முப்பது வருஷமாக இருந்தார். ஒருநாள் லாட்ஜ் நடத்திய கண் சிகிச்சை முகாமுக்கு அன்பரசனைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ரயில்வேயில் கலாசி என்கிற கடைநிலை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் தோளில் கை போட்டு, "இவர் என் பிரதர்" என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். அன்பரசன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிராசுதார் மகன், வீரையன் மகனின் தோளில் கை போட்டு, பத்துப் பேர் முன்னால் பிரதர் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இது என்ன பெரிய ஆசை என்று நினைப்பவர்கள் அந்த ஊரில் பிறந்தவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

உறுப்பினராகச் சேர்த்துவிடுவதாகச் சொன்னதும் கல்யாணம்தான். அதற்கு முன்னால், வெண்ணாற்றுப் பாலத்துக்கு அந்தப்பக்கம் காரை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். விதி அது, கேக்காம முடியாது. எந்தச் சாமின்னு கேக்கலை. மேல ஒருத்தர் இருக்கார்னு நம்பறேளா? உங்கப்பா கருப்புச் சட்டைக்காரர்னு தெரியும், அதனாலதான் கேக்கறேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்கோ. நமக்குள்ள ஒண்ணும் குறையாது."

நமக்குள் ஒன்றும் குறையாது என்பதை அன்பரசன் நம்பவில்லை. எத்தனையோ பேர் அப்படிச் சொல்லிக் குறைந்துபோனதைப் பார்த்தவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர் சொல்கிறார் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"அது அப்பாவோட கொள்கை சார். எனக்கு நம்பிக்கை உண்டு" என்றார்.

கல்யாணம் சந்தோஷமாகக் காரைக் கிளப்பினார். விசாரிக்க வந்த குழுவிலும் அதே கேள்வி, அதே பதில். அஜீஸ் எந்தப் புத்தகம் என்று கேட்டபோதுதான் அன்பரசன் திணறினார். எதைச் சொன்னாலும் பொய். அதனால் எதுவானாலும் சரி என்றார். அஜீஸின் கண் கலங்கிவிட்டது. இப்படித்தான் சகிப்புத்தன்மைக்கு உதாரணமாக ஆனார் அவர்.

சேர்ந்த அன்று கல்யாணம் தோளில் கை போட்டார். பிரதர் அன்பரசன் என்றார். அந்த வார்த்தைக்காக இன்னும் நாலு பொய் சொல்லலாம் என்றுதான் அப்போது இருந்தது.

அப்பா வீரையன் அப்போது உயிரோடு இருந்தார். நன்னிலத்திலிருந்து பேத்தி சுடர்விழியைப் பார்க்க வந்தவர், அலமாரியின்மேல் வைத்திருந்த படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். கருப்புக் கோட்டும் வெள்ளைத் தோலுமாக மகன்; பக்கத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு மிராசுதார் மகன்.

"சாமி உண்டுன்னு சொன்னாத்தான் சேப்பாங்களாமே, அப்படியா?" என்றார்.

"சும்மா ஒரு வார்த்தைதான்ப்பா. சொல்லிட்டுப் போறது."

"ஒரு வார்த்தைக்குத்தான்டா நான் அடி வாங்குனேன்" என்றார் வீரையன்.

அது நடந்த கதைதான். அந்தக் காலத்தில் பண்ணையாட்கள் மிராசுதாரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். இருபத்தைந்து வயதில் வீரையன் நன்னிலத்தில் ஒரு கருப்புச் சட்டைக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, மறுநாள் களத்தில் "ஐயா" என்றார். சாமின்னு சொல்லு என்றார் மிராசுதார். ஐயான்னுதான் சொல்லுவேன் என்றார் இவர். மாட்டு வாரால் அடித்தார்கள். முன்பல் இரண்டு போயிற்று. வயல்ல இருந்த சாமியையும் கோயில்ல இருந்த சாமியையும் ஒரே நாள்ல விட்டேன் என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்லுவார். அன்று மகன் வீட்டில் அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. சாப்பிட்டுவிட்டு, பேத்தி தலையில் கை வைத்துவிட்டு, மத்தியானப் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். அதன்பிறகு ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார். மகனைப் பார்த்தால் மழை பற்றிப் பேசுவார், ஆற்றில் தண்ணீர் விட்டார்களா என்று கேட்பார். லாட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் சொன்னபடி உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். படத்திறப்புக் கூட்டத்தில் "கடவுள் இல்லை" என்று எழுதிய பேனருக்குக் கீழே நின்று அன்பரசன் பேசினார். என் அப்பா பொய் சொல்லாத மனிதர் என்று ஆரம்பித்தவருக்கு மேலே பேச வரவில்லை.

முன்வரிசையில் கல்யாணம் உட்கார்ந்திருந்தார். அப்பாவை நினைத்து அழுகிறார் என்று எண்ணி எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார்.

வருஷங்கள் ஓடின. உள்ளே மதம் பேசக் கூடாது என்பது விதி. அன்பரசனுக்கு அதைவிடச் சௌகரியமான விதி வேறு கிடையாது. ரத்ததானம், வெள்ள நிவாரணம், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பை என்று எல்லா வேலைக்கும் முன்னால் நின்றார். கல்யாணம் அவரை நீங்க என்பதிலிருந்து நீ என்பதற்கு வந்திருந்தார். இவரும் சார் என்பதை விட்டு அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். மார்கழியில் விஜயம் பொங்கல் கொடுத்தனுப்புவாள். அம்சம் ஆற்று மீன் குழம்பைப் பதிலுக்குக் கொடுக்க முடியாதே என்று முருங்கைக்காய் கொடுத்தனுப்புவாள்.

போன ஐப்பசியில் கல்யாணத்துக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. கடைசிக் கட்டம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயம்தான் லாட்ஜுக்கு அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. படுக்கையில் இருந்தபடியே கல்யாணம் அன்பரசன் பெயரை முன்மொழிந்து கடிதம் எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

மறுநாள் பார்க்கப் போன அன்பரசனின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணு பண்ணுவியா? எனக்காக உன் சாமிகிட்ட வேண்டிக்கோ. எந்தச் சாமின்னு இத்தனை வருஷம் நான் கேட்டதில்லை, இப்பவும் கேக்கலை. வலி பொறுக்கலைடா அன்பு. என் சாமிகிட்டக் கேட்டாச்சு. நீ உன்னோடதுகிட்டக் கேளு" என்றார்.

அன்பரசன் சரிண்ணே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவரால் முடியவில்லை.

"நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிடப் போறேன்" என்றார் அம்சத்திடம்.

அம்சம் பதறிப்போனாள். "பதினாறு வருசம் சொல்லாதவரு இப்ப எதுக்குச் சொல்லணும்? சாகக் கெடக்குற மனுசன் தலையில உங்க பாரத்தை எறக்காதீங்க. வேண்டிக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, நிம்மதியாப் போவட்டும்."

"இன்னும் ஒரு வார்த்தையா? என்னால முடியாது."

அம்சம் சொன்னதுதான் சரி. இதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. உண்மையைப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த லாட்ஜில் மாதாமாதம் கேட்டுக்கேட்டு அன்பரசனும் கடைசியில் அதை நம்பிவிட்டார். எப்போது, யாரிடம், யாருடைய நிம்மதிக்காகப் பேச வேண்டும் என்பதை அங்கே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலை விஜயம் காப்பி போட உள்ளே போன நேரத்தில் அவர் சொன்னார். "அண்ணே, எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. என்னைக்குமே கிடையாது. அன்னிக்கு வெண்ணாத்துப் பாலத்துக்கிட்ட நீங்க கேட்டப்ப நான் சொன்னது பொய். வேண்டிக்கச் சொன்னீங்க. வேண்டிக்க எனக்கு யாரும் இல்லண்ணே."

கல்யாணம் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று அன்பரசன் குனிந்து பார்த்தார். பிறகு கல்யாணம் மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு எதுக்கு அப்படிச் சொன்னேள்?"

அந்த 'சொன்னேள்' அன்பரசனை அறைந்தது. பத்து வருஷத்துக்குமேல் நீ என்று கூப்பிட்ட வாய்.

"நீங்க என்னைப் பிரதர்னு கூப்பிடணும்னுதான். வேற ஒண்ணும் இல்லண்ணே."

"அதுக்கு லாட்ஜ் எதுக்கு? அன்னிக்கு உங்க ஆபீஸ்ல எழுந்து நின்னேனே, அது எதுக்குன்னு நினைச்சேள்?" என்றார் கல்யாணம். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. "களைப்பா இருக்கு. நீங்க போங்கோ."

அன்பரசன் ஐந்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. தலைவர் பதவி வேண்டாம், உறுப்பினர் பதவியிலிருந்தும் விலகுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதி, காரணத்தையும் ஒளிக்காமல் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் அஜீஸ் போன் செய்தார். கல்யாணம் அண்ணன் வீட்டுக்கு உடனே வாங்க, ஒரு விஷயம் என்றார்.

போய்ப் பார்த்தால், அஜீஸ் கையில் ஒரு மொட்டைக் கடுதாசி. லாட்ஜில் யாருக்கோ அன்பரசன் தலைவராவது பிடிக்கவில்லை. வீரையன் படத்திறப்பில், பேனருக்குக் கீழே அவர் நின்று பேசும் பழைய போட்டோவையும் வைத்து, இந்த ஆள் நாத்திகன், பொய் சொல்லிச் சேர்ந்தவன் என்று எழுதியிருந்தார்கள்.

"நான் இதை நம்பலண்ணே" என்றார் அஜீஸ் கல்யாணத்திடம். "அப்பாவுக்குப் புள்ள செய்ய வேண்டியதைச் செஞ்சாரு. ஆனா செயலாளருங்கிற முறைக்கு நான் கேட்டாகணும். நீங்கதான அவரைச் சேத்துவிட்டது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா இதைக் கிழிச்சுப் போட்ருவேன். வேற யாரு சொன்னாலும் எனக்குப் பத்தாது."

அன்பரசன் சட்டைப்பையில் கை வைத்தார். கடிதத்தை எடுத்து நீட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார். அவர் வாய் திறப்பதற்குள் கல்யாணம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அன்பரசனுக்கு நம்பிக்கை உண்டு. எனக்குத் தெரியும். இது என் வார்த்தை" என்றார். தெளிவாகச் சொன்னார்.

"போதும்ணே" என்று அஜீஸ் அங்கேயே அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். கல்யாணத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அறையில் இருந்த இரண்டு பேரும் அசையவில்லை.

"ஏண்ணே? ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" அன்பரசன் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தக் களத்துல நான் ஒண்ணும் சொல்லலை. இப்ப சொன்னேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எழுபத்தாறு வயசு வரைக்கும் பொய் சொன்னதில்லைடா அன்பு. எவ்வளவு சுலபமா வர்றது" என்றார். அவர் முதுகு குலுங்குவது போர்வைக்குமேல் தெரிந்தது.

அன்பு என்று மறுபடியும் கூப்பிட்டுவிட்டார். நீ என்பது திரும்பி வந்துவிட்டது. அதற்காகச் சந்தோஷப்படும் நிலையில் அன்பரசன் இல்லை.

மூன்றாம் நாள் விடிகாலையில் கல்யாணம் போய்விட்டார். ஸ்ரீரஞ்சனி வந்து சேருவதற்காகக் காத்திருந்து, மாலையில் எடுத்தார்கள். லாட்ஜ் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இப்படியொரு சத்தியவானை இனிமேல் பார்க்க முடியாது என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். அன்பரசன் தலையை ஆட்டினார்.

அடுத்த கூட்டத்தில் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மொட்டைக் கடுதாசி எழுதியவரும், கல்யாணம் வார்த்தை கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, மனம் மாறி அவருக்கே ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். அன்பரசன் எழுந்து, உடம்பு சரியில்லை, பதவி வேண்டாம், உறுப்பினராகவும் இனி வர முடியாது என்றார். சட்டைப்பையில் இருந்த பழைய கடிதத்தை அவர் எப்போதோ எரித்துவிட்டிருந்தார். உண்மைக் காரணத்தைச் சொன்னால், செத்துப்போன கல்யாணம் பொய்யர் ஆகிவிடுவார். சொல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலோ, அந்தப் பொய்மேல்தான் உட்கார வேண்டும். இரண்டும் முடியாத மனிதர் வேறென்ன செய்வார்?

அஜீஸுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கடைசி மூச்சுல உங்களுக்காகப் பேசினாரு அண்ணன். அதுக்கு நீங்க காட்டுற நன்றியா இது? நல்லா இருக்கீங்களே, கல்லுக்குண்டு மாதிரி!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அன்பரசன் வெளியே வந்தார். அதற்குப் பிறகு கீழ்வாசல் கடைத்தெருவில் பார்த்தாலும் அஜீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

காரியங்கள் முடிந்து ஒரு மாதம் இருக்கும். விஜயம் ஆள் விட்டு அவரைக் கூப்பிட்டனுப்பினாள். லாட்ஜ் விஷயம் கேட்கத்தான் கூப்பிடுகிறாள், கேட்கட்டும், திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டு போனார்.

அவள் அதைக் கேட்கவே இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வேற யார்கிட்டயும் கேக்க முடியலை" என்றாள். "அஜீஸ் பாயும் நீங்களும் வந்துட்டுப் போனேளே, அதுக்கப்புறம் மூணு நாள் இருந்தார். அந்த மூணு நாளும் என்னை ஸ்லோகம் சொல்ல விடலை. ஆரம்பிச்சா கையைத் தூக்கி வேண்டாம்ங்கறார். விபூதி இட்டுவிடப் போனேன், முகத்தைத் திருப்பிண்டார். ஐம்பது வருஷம் குளிச்சுட்டு சாமி முன்னாடி நிக்காம காப்பி குடிச்சதில்லை அவர். சாமி படத்தை அந்தப் பக்கம் திருப்பி வைன்னு சொன்னார். ஏன்னு கேட்டா சொல்லலை."



"அவ்வளவு வலியைக் குடுத்துட்டானேன்னு சாமி மேல கோவமா? கோவத்தோடயே போயிட்டாரா?" விஜயம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரே. ஏதாவது சொன்னாரா?"

கோபம் இல்லை. வெட்கம். பொய் சொன்ன வாயோடு சாமி முன்னால் எப்படி நிற்பது என்று அந்த மனிதர் மூன்று நாள் முகத்தை மறைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். கடைசி நேரத்தில் அவருக்கு இருந்த ஒரே துணை அந்தச் சாமி. அதையும் தான் பிடுங்கிவிட்டோம் என்று அன்பரசனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தனக்கு இல்லாத ஒன்றை, இருந்தவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்.

"கோவமெல்லாம் இல்லம்மா" என்றார். "என்கிட்ட சொன்னாரு. சாமி கூப்பிட்டுட்டாரு, நேர்லயே பார்க்கப் போறேன், இனிமே படம் எதுக்குன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரும்மா."

யோசிக்காமல் வந்தது.

"அப்படியா சொன்னார்? நிஜம்மா?"

"நிஜமாம்மா."

விஜயம் அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியதுபோல் பெருமூச்சு விட்டாள். இருங்கோ என்று சொல்லிவிட்டு உள்ளே போய், சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த சாமி படத்தை எடுத்துத் துடைத்து நேராக மாட்டினாள். விளக்கை ஏற்றினாள். கல்யாணம் அந்த மூன்று நாள் கேட்க மறுத்த ஸ்லோகத்தை, முதலிலிருந்து, சன்னமான குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

அன்பரசன் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக, கடவுள் என்று ஒருவர் இருந்துவிட்டால் தேவலை என்று அவருக்கு இருந்தது. தனக்காக அல்ல. கல்யாணம் எதற்காகப் பொய் சொன்னார் என்பது அந்தக் கடவுளுக்காவது தெரிந்திருக்கும். ஆனால் அப்படி யாரும் இல்லை என்றுதான் அன்பரசன் நம்பினார். அன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல அவரால் முடியவில்லை.